கால் எட்டலைன்னு யார் சொன்னது?



போன மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய நேரம். வாசலில் ஐந்தாறு டூவீலர்கள் நின்றன. ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நம் உறுப்பினர் ஒருவர் காத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து வரவேண்டுமாம்.

"வண்டி யார் பேர்லக்கா இருக்கு?"

"என் பேர்லதான். குழுக் கடன்ல வாங்கினது. தவணையும் நான்தான் கட்டுறேன்."

"அப்ப நீங்களே ஓட்டிட்டுப் போகலாமே?"

"நான் குள்ளம்ங்க. எனக்குக் கால் எட்டாது. கீழே போட்டுருவேன்னு வீட்ல சொல்றாங்க."

இந்தப் பதிலை நாங்கள் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். கடன் நம்முடையது, தவணை நம்முடையது. சாவி மட்டும் இன்னொருவர் பாக்கெட்டில் இருக்கிறது. காரணம் கேட்டால் "உயரம் பத்தாது" என்கிறார்கள். அதனால் இந்த மாதப் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டோம். உயரம் குறைந்த பெண் வண்டியைத் தனக்கு ஏற்றபடி எப்படிச் சரிசெய்வது, எப்படிக் கையாள்வது என்று பார்ப்போம்.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். பிறகு அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. உயரம் பத்தாது என்று அவர்களிடமும் சொல்லியிருப்பார்கள்தானே?

இரண்டு காலும் எட்ட வேண்டுமா?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வண்டி ஓடும்போது கால் தரையில் இருப்பதில்லை. நிற்கும்போதுதான் கால் வேண்டும். அப்போதும் இரண்டு பாதமும் முழுசாகப் பதிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு கால் உறுதியாக ஊன்றினால் போதும்.

சீட்டின் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு நுனிக்கால் மட்டும்தான் படுகிறதா? இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்கள். இடது பாதம் நன்றாகத் தரையில் பதியும். வலது கால் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கட்டும். கியர் பைக்கில் பின் பிரேக் வலது காலில்தான் இருக்கிறது. அதனால் இடது காலை ஊன்றுவதே சரியான முறை. உயரமானவர்களும் அப்படித்தான் நிற்க வேண்டும்.

வண்டி வாங்கப் போகும்போது

கடைக்காரர் மைலேஜ் சொல்வார், கலர் காட்டுவார். நாம் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, சீட்டின் உயரம். ஆக்டிவா ஸ்கூட்டரின் சீட் தரையிலிருந்து ஏறத்தாழ 76 செ.மீ. உயரம். ஸ்ப்ளெண்டர் பைக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியும் ஏறத்தாழ 78 முதல் 79 செ.மீ. பார்த்தீர்களா, பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் இரண்டு, மூன்று செ.மீ.தான் வித்தியாசம்.

இரண்டாவது, சீட்டின் அகலம். உயரம் ஒன்றாக இருந்தாலும் முன்பக்கம் அகலமான சீட்டில் தொடை விரிந்துவிடும், கால் தரைக்குப் போகாது. முன்பக்கம் ஒடுங்கிய சீட்டில் கால் நேராக இறங்கும். அதனால் தாளில் உள்ள அளவை மட்டும் நம்பாதீர்கள். தினமும் போடுகிற செருப்போடு, தினமும் உடுத்துகிற உடையோடு உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாவது, எடை. எக்ஸ்எல் 100 ஏறத்தாழ 85 முதல் 90 கிலோ. ஆக்டிவா 105 கிலோவுக்கு மேல். ஸ்ப்ளெண்டர் 110 கிலோவுக்கு மேல். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பத்தடி முன்னால் தள்ளி, பத்தடி பின்னால் இழுத்து, திரும்பவும் ஸ்டாண்டு போட்டுப் பாருங்கள். கடையில் யாராவது "நான் போடறேன் மேடம்" என்று வருவார்கள். "இருங்க, நானே பார்க்கறேன்" என்று சொல்லுங்கள். வீட்டு வாசலில் அவர் இருக்க மாட்டார்.

வீட்டில் உள்ள வண்டியைச் சரிசெய்வது

வீட்டில் இருக்கும் வண்டி பெரும்பாலும் ஆண்களின் அளவுக்கு வைத்திருக்கும். தையல் மிஷினில் வேறு ஒருவர் தைத்த பிறகு நாம் உட்கார்ந்தால் ஸ்டூலை நகர்த்துகிறோம் இல்லையா? அதுபோல வண்டியிலும் சிலவற்றை மாற்றலாம்.

பிரேக், கிளட்ச் லீவர்: நம்மில் பலருக்குக் காலைவிட விரல்தான் எட்டுவதில்லை. லீவரை ரொம்ப டைட்டாக வைத்திருந்தால், விரலை முழுக்க நீட்டிய நிலையிலேயே அழுத்த வேண்டியிருக்கும். பலம் கிடைக்காது. ரொம்ப லூசாக இருந்தால் லீவர் ஹேண்டில் பிடியைத் தொட்டுவிடும், பிரேக் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் நம் கைக்குத் தோதாகக் கேபிளைச் சரிசெய்ய மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் போதும். லீவரின் சாய்வையும் திருகைத் தளர்த்தி மாற்றலாம். கையை நேராக நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் விரல் லீவரில் விழ வேண்டும். கைப்பிடியில் தடிமனான ஸ்பாஞ்ச் உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அது சின்னக் கைக்கு இன்னும் தூரமாக்கும்.

சீட்: சீட் கவர் தைக்கும் கடையில் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைச் செதுக்கித் தருவார்கள். முன்பக்க இரண்டு ஓரத்தையும் சரிவாகச் செதுக்கினாலே கால் நன்றாக இறங்கும். உயரத்தில் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் அடியில் உள்ள தகடு குத்தும், இடுப்பு வலி வரும்.

ஷாக் அப்சர்வர்: பல பைக்குகளில் பின் ஸ்பிரிங்கின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருக்கும். எடை குறைந்தவர் தனியாக ஓட்டும்போது அதை மிகவும் மென்மையான படியில் வைத்தால் சீட் சற்றுக் கீழே இறங்கும். பின்னால் ஆளோ சுமையோ ஏற்றும்போது திரும்ப உயர்த்த வேண்டும்.

கண்ணாடி: வீட்டுக்காரர் ஓட்டிய வண்டியில் கண்ணாடி அவர் கண்ணுக்கு இருக்கும். நாம் ஏறியதும் முதலில் அதைத் திருப்ப வேண்டும்.

செருப்பு: ரப்பர் செருப்பு வேண்டாம். பின்னால் வார் உள்ள, வழுக்காத, அடி தடித்த செருப்பு அல்லது ஷூ போடுங்கள். அடிப்பாகம் ஓர் அங்குலம் இருந்தால் அந்த ஓர் அங்குலம் நமக்கு லாபம். குதிகால் மட்டும் உயர்ந்த செருப்பு இதற்கு உதவாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஸ்பிரிங்கை வெட்டுவது, முன் ஃபோர்க்கை இறக்குவது, சின்ன டயர் மாட்டுவது வேண்டாம். வண்டி தாழ்ந்துவிட்டால் சைடு ஸ்டாண்டின் நீளம் அதிகமாகிவிடும். வண்டி நிமிர்ந்து நின்று, லேசாக இடித்தாலே மறுபக்கம் சாயும். வேகத்தடையில் அடிப்பாகமும் இடிக்கும்.

தள்ளுவதும் ஸ்டாண்டு போடுவதும்

ஓட்டத் தெரிந்த பலர் இங்கேதான் பயப்படுகிறார்கள். இரண்டு வேலையிலும் கை பலத்தைவிட உடல் எடைதான் முக்கியம்.

தள்ளும்போது வண்டியின் இடது பக்கம் நில்லுங்கள். வண்டியை நேராக நிறுத்தாமல் ஒரு துளி நம் பக்கம் சாய்த்து இடுப்பில் அணைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கிற மாதிரிதான். அந்தப் பக்கம் சாய்ந்தால் நம்மால் பிடிக்க முடியாது. விரல்கள் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும்.

சென்டர் ஸ்டாண்டு போட: இடது கை ஹேண்டில் பிடியில், வலது கை பின் கம்பியில். வலது காலால் ஸ்டாண்டை அழுத்தி இறக்குங்கள். வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். தொட்டதும், படிக்கட்டில் ஏறுவதுபோல் உடம்பின் மொத்த எடையையும் வலது காலில் போடுங்கள். வண்டி தானாகப் பின்னால் ஏறி உட்காரும். கையால் தூக்கினால் தோள்தான் வலிக்கும்.

ஸ்டாண்டிலிருந்து இறக்க: முதலில் சைடு ஸ்டாண்டை நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முன்னால் தள்ளி இறக்குங்கள். இறங்கியதும் பிரேக்கைப் பிடியுங்கள். நம் பக்கம் சாய்ந்தாலும் சைடு ஸ்டாண்டு தாங்கும்.

நிறுத்தும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரிவில் சுவரைப் பார்த்தபடி இறக்கமாக நிறுத்திவிட்டால், பின்னால் இழுக்கப் பெரிய ஆளாலும் முடியாது. முன் சக்கரம் மேட்டைப் பார்த்து நிற்கட்டும். எடுக்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தாலே மெதுவாகப் பின்னால் இறங்கும்.

கிளம்புவதும் நிற்பதும்

ஏறும்போது சைடு ஸ்டாண்டு போட்டே இருக்கட்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, இடது காலை ஊன்றி வண்டியை நிமிர்த்தி, அப்புறம் ஸ்டாண்டைத் தட்டிவிடுங்கள். தட்ட மறக்காதீர்கள். ஸ்டாண்டு தொங்கிக்கொண்டே போனால் இடது பக்கம் திரும்பும்போது தரையில் குத்தித் தள்ளிவிடும்.

உயரம் குறைந்தவர்கள் கீழே விழுவது பெரும்பாலும் வேகமாகப் போகும்போது இல்லை. நிற்கப் போகும் கடைசிப் பத்தடியில்தான். அதனால் மூன்று பழக்கம் வேண்டும்.

ஒன்று, நிற்கப் போகும் இடத்தை முன்னாடியே பாருங்கள். இடது பக்கம் பள்ளமா, ஜல்லியா, ஈர மண்ணா? தார் ரோட்டின் ஓரம் மண் இறங்கியிருந்தால், அந்த நாலு விரல் பள்ளத்தில் நம் கால் எட்டாது. இரண்டடி தள்ளி மேடான இடத்தில் நில்லுங்கள்.

இரண்டு, ஹேண்டில் நேராக இருக்கும்போது நில்லுங்கள். ஹேண்டிலை ஒடித்துக்கொண்டு முன் பிரேக்கைப் பட்டென்று பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்கை மட்டும் லேசாகப் பிடியுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து வந்த 125 சிசி வரையிலான பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடது லீவரை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அதனால் திருப்பத்தில் அதையும் மென்மையாகவே அழுத்துங்கள்.

மூன்று, இரண்டு காலையும் முன்கூட்டியே தொங்கப் போடாதீர்கள். கல்லில் பட்டுக் கணுக்கால் திருகிக்கொள்ளும். பைக்கில் பின் பிரேக்கும் விட்டுப்போகும். வண்டி கிட்டத்தட்ட நின்ற பிறகு இடது காலை ஊன்றினால் போதும்.

பழக, அறுவடை இல்லாத நாளில் நெல் களம் நல்ல இடம். பள்ளிக்கூட மைதானம் லீவு நாளில் சும்மா கிடக்கும். முதல் நாள் இன்ஜினைப் போடாமல் தள்ளவும் ஸ்டாண்டு போடவும் மட்டும் பழகுங்கள். இரண்டாம் நாள் இருபதடி ஓட்டி நிறுத்துங்கள். அதையே முப்பது முறை செய்யுங்கள். நிறுத்தக் கை வந்த பிறகு ஓட்டுவது தானாக வரும்.

கீழே போட்டுவிட்டால்

போட்டுவிடுவோம் என்ற பயமே நம்மை நிறுத்துகிறது. ஆகவே போட்டால் என்ன செய்வது என்பதையும் கற்றுக்கொள்வோம்.

நின்ற வண்டி ஓரளவு சாயும்வரை பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் விட்டுவிடுங்கள், காலை இழுத்துக்கொள்ளுங்கள். உடைந்த லீவருக்குப் பதில் வேறு லீவர் கடையில் கிடைக்கும். நம் காலுக்கு அப்படிக் கிடைக்காது.

தூக்க: முதலில் சாவியை அணைத்துவிடுங்கள். பெட்ரோல் கொட்டுகிறதா என்று பாருங்கள். கியர் பைக் என்றால் முதல் கியரில் போடுங்கள், உருளாது. ஸ்கூட்டர் என்றால் பிரேக் லீவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை நீட்டி வையுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பு படும்படி குந்துங்கள். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கம்பியில். முதுகை வளைக்காமல் காலால் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். வண்டி எழும். பக்கத்தில் ஆள் இருந்தால் கூப்பிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கர்ப்பிணிகளும், கர்ப்பப்பை இறக்கம், முதுகு வலி உள்ளவர்களும் தனியாகத் தூக்கவே வேண்டாம்.

உடை, சுமை, பின்னால் ஆள்

முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிப் பின் குத்துங்கள். துப்பட்டாவைக் குறுக்கே முடிச்சுப் போடுங்கள். சக்கரத்தில் சிக்கிய துணி கழுத்தை இறுக்கிவிடும். பின் சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

ஹெல்மெட் நம் தலை அளவுக்கு, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கட்டும். வீட்டுக்காரரின் ஹெல்மெட் நமக்குத் தொளதொள என்று இருந்தால் விழும்போது கழன்றுவிடும்.

பால் கேன், அரிசி மூட்டை எதுவானாலும் முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். பின்னால் உயரமாகக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். பின்னால் உட்காருபவர், நாம் இடது காலை நன்றாக ஊன்றி "ஏறுங்க" என்று சொன்ன பிறகே ஏற வேண்டும். ஒருக்களித்து உட்கார்ந்தால் எடை அந்தப் பக்கம் இழுக்கும். பழகும் மாதத்தில் ஆளே ஏற்ற வேண்டாம், "சும்மா தெருமுனை வரைக்கும்" என்றாலும் சரி. குழந்தையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைக்காதீர்கள். ஆக்சிலேட்டரைத் திருகிவிடும்.

காகிதமும் சாவியும்

18 வயது நிறைந்தவர்கள் எல்.எல்.ஆர். எடுக்கலாம். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தால் பைக் ஓட்ட முடியாது. இரண்டும் ஓட்டும் எண்ணம் இருந்தால் கியர் வண்டிக்கே எடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் வரை உண்டு. இது ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவருக்கு, அவரிடம் லைசென்ஸ் இருந்தால் மட்டுமே. நம் பெயரில் வண்டி இருந்து, நம்மிடம் லைசென்ஸ் இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை. கடன் வாங்கும்போது குழுவில் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, அன்று வாசலில் நின்ற சகோதரி என்ன ஆனார்? அங்கேயே அவரை வண்டியில் உட்காரச் சொன்னோம். இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தியதும் இடது பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. எட்டாமல் இருந்தது பிரேக் லீவர்தான். வீட்டுக்காரரின் கைக்கு வைத்திருந்த லீவர் அது. மறுநாளே மெக்கானிக்கிடம் போய்ச் சரிசெய்திருக்கிறார். இப்போது களத்தில் பழகிக்கொண்டிருக்கிறார். "ஒரு தடவை கீழே போட்டேங்க. நானே தூக்கினேன்" என்று போனில் சொன்னார். சொல்லும்போது அப்படி ஒரு சிரிப்பு!

உங்கள் குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் கடன் வாங்கிய டூவீலர்கள் எத்தனை? அவற்றில் எத்தனை வண்டிகளை உறுப்பினரே ஓட்டுகிறார்?

2. ஓட்டாதவர்கள் சொல்லும் காரணம் என்ன? வண்டியில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னதா, யாரோ சொல்லிக் கேட்டதா?

3. நன்றாக ஓட்டத் தெரிந்த உறுப்பினர் வாரம் ஒரு நாள் மற்றவர்களுக்குக் கற்றுத்தர முடியுமா? எந்த இடத்தில்?

4. எல்.எல்.ஆர். எடுக்க நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போகலாமா?

உங்கள் குழுவில் பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். முடிந்தால் வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வாருங்கள்!